18,000 வால்வு இருந்த மெஷின் ஒரு நாளாவது எப்படி ஓடிச்சு?

குமரன்_ஈசிஇ

ரொம்ப நாளா மண்டைய குடையற கேள்வி இது. எனியாக்ங்கற 1940கள் அமெரிக்க கம்ப்யூட்டர் பத்தி எங்க படிச்சாலும் ஒரே மாதிரிதான் இருக்கு, 30 டன் எடை, ஒரு பெரிய ஹால் முழுக்க அடைச்சுக்கிச்சு, 17,468 வால்வு (பழைய ரேடியோல இருக்குமே, கரண்ட விடவும் அடைக்கவும் செய்யற கண்ணாடி குழாய்), செகண்டுக்கு 5,000 கூட்டல், அமெரிக்க ராணுவத்துக்கு பீரங்கி குண்டு எங்க போய் விழும்னு அட்டவணை போட கட்டினாங்க, அதோட முடிஞ்சுது.

ஆனா ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. ஒரு வால்வு 3,000 மணி நேரம் தாங்கும்னு வெச்சுக்குவோம். 18,000 வால்வு இருந்தா சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு போகணும். ஒண்ணு போனாலே விடை தப்பு. போனது எதுன்னு தேடறதுக்குள்ள அடுத்தது போயிடும். அப்படி பாத்தா அந்த மெஷின் ஒரு கணக்கையும் முழுசா முடிச்சிருக்கவே கூடாது, ஆனா 1955 வரைக்கும் ஓடியிருக்கு. என்ன பண்ணாங்க? எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, எவ்ளோ நீளமா இருந்தாலும் படிப்பேன்.

வால்வுரேடியோ_மணி

தம்பி இந்த கேள்விய இவ்ளோ வருஷத்துல யாருமே என்கிட்ட கேட்டதில்ல. எங்கப்பா ரேடியோ மெக்கானிக், நான் பன்னெண்டு வயசுலேந்து கடையில உக்காந்து வால்வு மாத்தினவன், அதனால அந்த பக்கத்துலேந்தே சொல்றேன்.

வால்வு எப்ப போகும்னு நினைக்கறீங்க? ஓடிட்டு இருக்கும்போது போறது கம்மி. சுவிட்ச் போடற நேரத்துலதான் நிறைய போகும். குண்டு பல்பு ஞாபகம் இருக்கா, போட்ட உடனே டப்புனு ஒரு வெளிச்சம், அப்புறம் இருட்டு. ஃபிலமென்ட் ஆறி இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் கம்மி, கரண்ட் குபுகுபுன்னு பாயும், கம்பி திடீர்னு சூடாகி விரியும், அணைச்சா சுருங்கும், இப்படி விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கிதான் அது அறும். வீட்டு ரேடியோ காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ போட்டு அணைப்பாங்க, ஊர் மாறும்போது தூக்கிட்டு போவாங்க. வால்வோட ஆயுசு கம்மின்னு பேர் வந்ததே இப்படித்தான்.

எனியாக்க கட்டின எக்கெர்ட் இத நல்லா புரிஞ்சுகிட்ட மனுஷன். ஃபிலமென்டுக்கு 6.3 வோல்ட் குடுக்கணும்னு வால்வு கம்பெனி சொன்னா இவர் அதுல பத்து சதவீதம் போல குறைச்சு குடுத்தார். ப்ளேட்டுக்கும் (வால்வுக்குள்ள கரண்ட் போய் சேர்ற தகடு) அப்படித்தான், தாங்கற அளவ விட ரொம்ப கீழயே வெச்சு ஓட்டினார். பத்து மூட்ட தாங்கற வண்டியில மூணு மூட்ட ஏத்தற மாதிரி. வண்டியும் ரொம்ப நாள் வரும் மாடும் ரொம்ப நாள் வரும்.

இன்னொண்ணு, இதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ரேடியோல வால்வு கொஞ்சம் தளர்ந்தா சத்தம் குறையும், காதுக்கு உடனே தெரிஞ்சிடும். எனியாக்ல வால்வுக்கு ரெண்டே நிலைதான், ஒண்ணு கரண்ட் விடணும் இல்ல விடக்கூடாது. பாதி தளர்ந்த வால்வும் "விடறேன்"னு சொன்னா போதும். அந்த மாதிரி சர்க்யூட் போட்டதால கிழட்டு வால்வும் வேலை செஞ்சுது.

செல்வி_கணக்கு

மணி சார் சொன்னதுல ஒரு சின்ன சேர்க்கை. ஆரம்பத்துல எனியாக்ல தினமும் ரெண்டு மூணு வால்வு போயிட்டுதான் இருந்துச்சு, பாதி நேரம் நின்னே கிடந்துச்சு. போனதுல பெரும்பாலானது சூடாகும்போதும் ஆறும்போதும்தான், அவர் சொன்ன அதே காரணம், அதனால பின்னாடி முடிஞ்ச வரைக்கும் அணைக்காமலே வெச்சாங்க. 1946 நவம்பர்ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல நிறுத்தி மேரிலாண்ட்ல இருக்கற அபர்டீன் ராணுவ மையத்துக்கு கொண்டு போனாங்க, 1947 ஜூலைல திரும்ப உயிர் குடுத்தாங்க. 1948க்கு அப்புறம் இன்னும் தரமான வால்வும் கிடைக்க ஆரம்பிச்சுது. பிற்காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு வால்வு போகும், கால் மணி நேரத்துல கண்டுபிடிச்சிடுவோம்னு எக்கெர்ட்டே சொல்லியிருக்கார்.

குமரன் உங்க கணக்க இப்ப திருப்பி போடுங்க. 17,468 வால்வு, 48 மணி நேரத்துக்கு ஒண்ணு. பெருக்கினா 8,38,464 வால்வு-மணி நேரத்துக்கு ஒரு பழுது. நீங்க 3,000ன்னு வெச்சீங்க, அவங்க அத கிட்டத்தட்ட 280 மடங்கு ஆக்கிட்டாங்க. புது கண்டுபிடிப்பு எதுவும் இல்லாம, பெரும்பாலும் நடத்தற விதத்த மாத்தியே! இத படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துது. 1954ல ஒரு தடவ 116 மணி நேரம் ஒரு பழுதும் இல்லாம ஓடியிருக்கு, அதாவது கிட்டத்தட்ட அஞ்சு நாள்.

திருச்சி_பாலா

அணைக்காம வைக்கற யோசனை எக்கெர்ட்டுக்கு முன்னாடியே இங்கிலாந்துல ஒருத்தருக்கு வந்தாச்சு. டாமி ஃப்ளவர்ஸ். தபால் துறையோட டெலிபோன் ஆராய்ச்சி நிலையத்துல எஞ்சினியர், லண்டன் டோலிஸ் ஹில்ல. போருக்கு முன்னாடியே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆயிரக்கணக்கான வால்வு போட்டு பாத்தவர். எக்ஸ்சேஞ்ச யாரும் ராத்திரி அணைக்க மாட்டாங்க, தூக்கிட்டு திரியவும் மாட்டாங்க. அங்க வால்வு வருஷக்கணக்குல எரிஞ்சத கண்ணால பாத்தவர் அவர்.

1943ல ப்ளெட்ச்லி பார்க்ல, அதாவது இங்கிலாந்தோட ரகசிய எழுத்து உடைக்கற மையத்துல, ஜெர்மன்காரனோட லொரென்ஸ் ரகசிய எழுத்த உடைக்க ஹீத் ராபின்சன்னு ஒரு மெஷின் வெச்சிருந்தாங்க, ரெண்டு பேப்பர் டேப் ஒரே வேகத்துல ஓடணும், ஒண்ணு நீண்டு போகும் ஒண்ணு கிழியும், பெரிய தொல்லை. ஃப்ளவர்ஸ் சொன்னார், ஒரு டேப்பே வேண்டாம், அதுல இருக்கறத வால்வுலயே உண்டாக்கிடலாம். 1,500 வால்வுக்கு மேல வேணும்னார். அவ்ளோ வால்வு ஒண்ணா வேலையே செய்யாதுன்னு நிறைய பேர் நம்பல. மனுஷன் விடல, டோலிஸ் ஹில் ஆளுங்கள வெச்சு கட்டி முடிச்சார், சொந்த காசும் போட்டார்.

அதான் கொலோசஸ். 1944 ஜனவரில ப்ளெட்ச்லிக்கு வந்துச்சு, பிப்ரவரி 5 நிஜ செய்திய படிச்சுது. செகண்டுக்கு 5,000 எழுத்து வேகத்துல டேப் ஓடும். அடுத்த மாடல்ல 2,400 வால்வு, 1944 ஜூன் 1 வேலைக்கு வந்துச்சு, நார்மண்டில படை இறங்கினது ஜூன் 6. போர் முடியறப்போ மொத்தம் பத்து கொலோசஸ். எதையும் அணைக்கல.

யாழ்_நிலவன்

எனக்கொரு சந்தேகம். கொலோசஸ் எண்டால் எனிக்மாவை உடைச்ச மெசின் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். நீங்கள் லொரென்ஸ் எண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டும் ஒண்டில்லையோ?

திருச்சி_பாலா

இல்ல நிலவன், இத நிறைய பேர் கலந்துடறாங்க. எனிக்மா கையில தூக்கிட்டு போற பெட்டி, நீர்மூழ்கி கப்பல்ல கூட இருந்தது. அத உடைக்க பயன்பட்டது பாம்ப்னு ஒரு மெஷின், சக்கரம் சுத்தற மின்-இயந்திரம். லொரென்ஸ் வேற, டெலிபிரிண்டரோட மாட்டற மெஷின், 12 சக்கரம், ஹிட்லரோட தலைமையகமும் பெரிய ஜெனரல்களும் பேசிக்கிட்டது அதுல. அந்த மெஷின கண்ணால பாக்காமலே உள்ள எத்தன சக்கரம் எப்படி சுத்துதுன்னு வெறும் எழுத்த வெச்சே கண்டுபிடிச்சவர் பில் டட்னு ஒரு இளைஞர். அவரோட வேலை இல்லன்னா ஃப்ளவர்ஸுக்கு கட்ட எதுவும் இருந்திருக்காது.

போர் முடிஞ்ச பிறகு நடந்தத படிச்சா மனசு கஷ்டமா இருக்கும். பெரும்பாலான கொலோசஸ பிரிச்சு போட்டாங்க, வரைபடத்த எரிக்க சொல்லி ஃப்ளவர்ஸ்கிட்டயே உத்தரவு. அவரே கொண்டு போய் டோலிஸ் ஹில் அடுப்புல போட்டார். 1970கள் வரைக்கும் வெளில ஒரு வார்த்த இல்ல. அந்த முப்பது வருஷமும் எனியாக்தான் முதல்னு உலகம் பேசிச்சு, இவர் கேட்டுட்டு சும்மா இருந்தார். பிற்காலத்துல டோனி சேல்னு ஒருத்தர் தலைமைல கிடைச்ச போட்டோ, பழைய எஞ்சினியர்கள் ஒளிச்சு வெச்சிருந்த துண்டு வரைபடம் இதெல்லாம் வெச்சு திரும்ப ஒண்ண கட்டினாங்க, ப்ளெட்ச்லில இப்பவும் ஓடுது.

மதுரை_அருண்

அப்போ முதல் கம்ப்யூட்டர் கொலோசஸா எனியாக்கா? இத முடிவு பண்ணுங்க முதல்ல. அதோட பூச்சி மாட்டி, கம்ப்யூட்டர் தப்புக்கு பக்னு பேர் வந்ததும் எனியாக்லதானே?

செல்வி_கணக்கு

அருண், பூச்சி கதை எனியாக் இல்ல. அது 1947 செப்டம்பர்ல ஹார்வர்ட் மார்க் 2, கடற்படைக்கு கட்டினது, வால்வு மெஷினே இல்ல, ரிலே (மின்காந்தத்தால அசையற சுவிட்ச்) மெஷின். ரிலேல அந்துப்பூச்சி மாட்டிச்சு, நோட்டுல ஒட்டி வெச்சாங்க. பக்ங்கற வார்த்த எஞ்சினியர்கள் நடுவுல அதுக்கும் ரொம்ப முன்னாடியே இருந்தது.

முதல் எதுங்கற சண்டைக்கு நான் வரல. கொலோசஸ் ஒரே ஒரு வேலைக்கு கட்டினது, எனியாக் எந்த கணக்குக்கும் மாத்தி மாத்தி ஒயர் சொருகலாம். 1973ல அமெரிக்க கோர்ட்டு எனியாக் பேடன்ட்டையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அதுக்கு முன்னாடியே அட்டனசாஃப்னு ஒரு பேராசிரியர் அயோவால 300 வால்வு போல வெச்சு ஒண்ணு கட்டியிருந்தார்னு. இந்த இழை வேற விஷயத்த பத்தினது, அதுக்கே வருவோம்.

அந்த கால் மணி நேரம்னு சொன்னேன்ல, அத பத்தி சொல்லியே ஆகணும். 17,468ல எது போச்சுன்னு கால் மணில எப்படி கண்டுபிடிப்பாங்க? ஒரு காரணம், ஒவ்வொரு இலக்கத்தையும் எண்ணற சர்க்யூட் பெட்டியும் கழட்டி மாட்டற மாதிரி இருந்துச்சு, சந்தேகம் வந்தா உருவிட்டு ஸ்பேர் பெட்டிய சொருகிடலாம். ஆனா எந்த பெட்டின்னு தெரியணுமே. அங்கதான் எனியாக்குக்கு ப்ரோக்ராம் போட்ட ஆறு பெண்கள் வராங்க. கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலஸ், ரூத் லிக்டர்மன். அதுக்கு முன்னாடி அவங்க வேலையோட பேரே "கம்ப்யூட்டர்". ஒரு குண்டோட பாதைய மேசை கால்குலேட்டர் வெச்சு போட அவங்களுக்கு 20 மணி நேரம் போல ஆகும், எனியாக் அத 30 செகண்டுல முடிச்சுது, குண்டு போய் விழற நேரத்த விட சீக்கிரம்.

மேனுவல் கிடையாது. ஆரம்பத்துல ரகசிய அனுமதி இல்லன்னு மெஷின் இருக்கற ரூமுக்குள்ளயே விடல. சர்க்யூட் வரைபடத்த மட்டும் கைல குடுத்தாங்க. அத வெச்சே மெஷின் முழுசையும் தலைக்குள்ள கட்டிகிட்டாங்க. அதனாலதான் பின்னாடி விடை தப்பா வந்தா எங்க ஆரம்பிச்சு எங்க தப்புதுன்னு பின்தொடர்ந்து போய் இந்த வால்வுதான்னு காட்ட முடிஞ்சுது. 1946 பிப்ரவரில விழா வெச்சு எல்லாருக்கும் காட்டினாங்களே, அந்த குண்டுப்பாதை கணக்க தயார் பண்ணது பெட்டி ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும்தான். அன்னிக்கு ராத்திரி நடந்த விருந்துக்கு இவங்கள கூப்பிடவே இல்ல. எனக்கு அந்த கோவம் இன்னும் போகல.

குமரன்_ஈசிஇ

அக்கா, இத காலேஜ்ல ஒரு வரி கூட சொல்லித்தரல. நன்றி.

இன்னொரு கேள்வி. எனியாக்ல ஒரு வால்வு போனா கணக்க திரும்ப போட்டுக்கலாம், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா சேஜ்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, எதிரி விமானம் வருதான்னு 24 மணி நேரமும் ரேடார பாத்துட்டே இருக்கற கம்ப்யூட்டர். அதுல வால்வு 49,000னு போட்டிருக்கான். அங்க நடுவுல நின்னா?

வால்வுரேடியோ_மணி

அதுக்கு சேஜோட முன்னோடி கம்ப்யூட்டர் வேர்ல்விண்ட்லேந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அமெரிக்கால எம்ஐடிங்கற தொழில்நுட்ப பல்கலைக்கழகத்துல ஜே ஃபாரஸ்டர், ராபர்ட் எவரெட்னு ரெண்டு பேர். போர் சமயத்துல கடற்படை கேட்டது விமானி பயிற்சிக்கு ஒரு சிமுலேட்டர். அது மெல்ல மெல்ல வளர்ந்து 16 பிட் டிஜிட்டல் கம்ப்யூட்டரா ஆயிடுச்சு, 5,000 வால்வு போல. சிமுலேட்டர்னா என்ன, விமானி கைப்பிடிய திருப்பின அதே நொடி பதில் வரணும். அப்புறம் வரேன்னு சொல்ல முடியாது. அதனால இவங்களுக்கு பழுதுங்கறது எரிச்சல் இல்ல, மொத்த வேலையும் அதுலதான் நிக்குது.

இவங்க போன வால்வ தூக்கி எறியல. உடைச்சு பாத்தாங்க. ஒரு விசித்திரம் கண்டுபிடிச்சாங்க, ரேடியோ மெக்கானிக் யாருக்குமே தெரியாத விசித்திரம். ரேடியோல வால்வு எப்பவும் கரண்ட் விட்டுட்டே இருக்கும். கம்ப்யூட்டர்ல சில வால்வு மணிக்கணக்கா, நாள்கணக்கா சும்மா உக்காந்திருக்கும், ஃபிலமென்ட் சூடா இருக்கும் ஆனா கரண்ட் ஓடாது. திடீர்னு ஒரு நாள் "இப்ப விடு"ன்னா அதால விட முடியாது. ஏன்னா கேத்தோடு (வால்வுக்குள்ள எலக்ட்ரான வெளில விடற பாகம்) செய்யற நிக்கல்ல கொஞ்சம் சிலிக்கான் கலந்திருப்பாங்க, தயாரிக்க சுலபமா இருக்கும்னு. சும்மா சூடாவே இருக்கும்போது அந்த சிலிக்கான் மேல பூசின பேரியம் ஆக்சைடோட சேர்ந்து நடுவுல ஒரு தடுப்பு படலம் உண்டாக்கிடுது. இதுக்கு தூக்க வியாதின்னே பேர் வெச்சாங்க. உழைச்ச வால்வு நல்லா இருக்கு, ஓய்வெடுத்த வால்வுதான் செத்துப்போகுது! சிலிக்கான எடுத்துட்டு செய்யுங்கன்னு சொல்லி கம்ப்யூட்டருக்குன்னே சில்வேனியா கம்பெனி 7ஏகே7னு ஒரு வால்வு செஞ்சு குடுத்தது, அதோட ஆயுசு எங்கயோ போயிடுச்சு.

அதுக்கு மேல ஃபாரஸ்டர் இன்னொரு வேலை செஞ்சார். சந்தையில மண்பானை வாங்கும்போது விரலால சுண்டி பாப்போம்ல, கண்ணுக்கு தெரியாத கீறல் சத்தத்துல தெரியும். அதே மாதிரி, மெஷின்ல ஒவ்வொரு பகுதியா வோல்டேஜ வேணும்னே ஏத்தியும் இறக்கியும் ஒரு சோதனை ப்ரோக்ராம் ஓட்டுவாங்க. திடமான வால்வு தாக்குப்பிடிக்கும். அடுத்த வாரம் சாகப்போற வால்வு இப்பவே தடுமாறும். தடுமாறினத இன்னிக்கே மாத்திடு. பழுது வந்த பிறகு தேடறது போய் பழுத கூப்பிட்டு வரவெச்சு பிடிக்கறது. நான் ரேடியோ கடையில இத அம்பது வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தேன்னா எத்தனையோ செட்டு திரும்பி வந்திருக்காது.

திருச்சி_பாலா

மணி சார் அருமை. நினைவகத்த விட்டுட்டீங்களே. வேர்ல்விண்ட்ல முதல்ல நினைவகமும் வால்வு மாதிரி கண்ணாடி குழாய்தான், எலக்ட்ரான் கதிரால திரையில மின்சுமைய புள்ளி புள்ளியா வெச்சு படிக்கறது. அது ஒரு மாசம் தாங்கினாலே பெரிசு. மெஷினோட பலவீனமே அங்கதான் இருந்துச்சு. அதுல வெறுத்துபோய்தான் ஃபாரஸ்டர் குட்டி குட்டி காந்த வளையத்துல பிட் (0 இல்ல 1) வைக்கற கோர் மெமரிக்கு போனார், 1953ல வேர்ல்விண்ட்ல மாட்டினாங்க, உடனே வேகமும் கூடிச்சு பழுதும் நின்னுச்சு. அடுத்த இருபது வருஷம் உலகத்துல பாதி கம்ப்யூட்டர் அந்த வளையத்துலதான் ஓடிச்சு.

நடுவுல 1949 ஆகஸ்ட்ல சோவியத் அணுகுண்டு வெடிச்சுது. விமானப்படைக்கு பயம் வந்துடுச்சு, கடற்படை கைவிடற நிலைல இருந்த வேர்ல்விண்டுக்கு பணம் வந்தது அதுக்கப்புறம்தான். 1951 ஏப்ரல்ல டெலிபோன் லைன் வழியா வந்த ரேடார் தகவல வெச்சு ஒரு விமானத்த இன்னொரு விமானத்துகிட்ட கொண்டுபோய் சேர்த்து காட்டினாங்க. அதுலேந்து பிறந்ததுதான் சேஜ். கட்டினது ஐபிஎம், பேரு ஏஎன்/எஃப்எஸ்க்யூ-7. ஜன்னலே இல்லாத நாலு மாடி கான்கிரீட் கட்டடம், 250 டன் மெஷின், 3 மெகாவாட் வரைக்கும் மின்சாரம்.

குமரன் நீங்க கேட்ட "நடுவுல நின்னா?"க்கு பதில், ஒவ்வொரு கட்டடத்துலயும் ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணு வானத்த பாத்துட்டு இருக்கும், இன்னொண்ணு ரெடியா நிக்கும். நிக்கறது சும்மா நிக்காது, மணி சார் சொன்ன பானை சுண்டற வேலை அதுல நடந்துட்டே இருக்கும். அப்புறம் மாத்திக்குவாங்க. இப்படி வருஷத்துக்கு மொத்தமே சில மணி நேரம்தான் சேவை நின்னுதுன்னு சொல்றாங்க. வால்வ வெச்சு!

மதுரை_அருண்

எல்லாம் சரிங்க, ஆனா முதல் சேஜ் மையம் மெக்வயர் விமானப்படை தளத்துல 1958 ஜூலைல வேலைக்கு வருது, ஸ்புட்னிக் 1957 அக்டோபர்லயே மேல போயாச்சு. ஏவுகணை வந்தா சேஜால ஒண்ணும் பண்ண முடியாது. நூறு கோடிக்கணக்குல டாலர கொட்டி விமானத்த மட்டும் பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு இது பெரிய வீணாதான் படுது.

செல்வி_கணக்கு

ராணுவ கணக்குல நீங்க சொல்றது நியாயம் அருண், நான் மறுக்கல. ஏவுகணைக்கு அதுகிட்ட பதில் இல்ல. ஆனா திரையில இருக்கற புள்ளிய லைட் கன்னால (துப்பாக்கி மாதிரி ஒரு கருவி) தொட்டு கம்ப்யூட்டர்கிட்ட கேக்கறது, டெலிபோன் லைன்ல தகவல அனுப்ப மோடம், நூத்துக்கணக்கான பேர் ஒரே நேரத்துல ஒரே மெஷின்ல வேலை செய்யறது, இதெல்லாம் பெரிய அளவுல முதல்ல அங்கதான் நடந்துச்சு. அந்த அனுபவத்த வெச்சுதான் ஐபிஎம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு சேபர்னு டிக்கெட் பதிவு சிஸ்டம் கட்டிச்சு. ப்ரோக்ராமர்ங்கற ஒரு தொழிலே ஆயிரக்கணக்குல வளர்ந்தது சேஜுக்கு ஆள் எடுத்ததாலதான். பணம் போன இடத்துல இருந்து எதுவுமே திரும்பி வரலன்னு சொல்ல முடியாது.

யாழ்_நிலவன்

நானும் ஒரு தகவல் சொல்லுறன். பம்பாயில டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டின டிஃப்ராக், அதுவும் வால்வு மெசின்தான், 2,700 வால்வு. ராணுவத்துக்கு இல்லை, விஞ்ஞான கணக்குக்கு. அந்தக் குழுவை நடத்தினவர் ஆர். நரசிம்மன், சென்னையில பிறந்து கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியில படிச்சவர். அதிலயும் நினைவகத்துக்கு இந்தக் காந்த வளையம்தான். ஃபாரஸ்டரின்ரை வளையம் அவ்வளவு கெதியா எங்கடை பக்கமும் வந்திருக்குது எண்டு இப்பதான் விளங்குது.

குமரன்_ஈசிஇ

எல்லாருக்கும் நன்றி, ஒரு ராத்திரில இவ்ளோ தெரிஞ்சுகிட்டேன். மணி சார் கடைசியா ஒண்ணு. ஒரு பிட்டு வால்வுல எப்படி நிக்குதுன்னு கண்ணால பாக்கணும்னு ஆசையா இருக்கு. இப்ப அந்த வால்வு கிடைக்குமா?

வால்வுரேடியோ_மணி

கிடைக்கும் தம்பி. எனியாக்ல நிறைய போட்டது 6எஸ்என்7, இன்னிக்கும் பாட்டு கேக்கற ஆம்ப்ளிஃபயர்ல போடறாங்க. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு வால்வு இருக்கும், ஒண்ணு விட்டா இன்னொண்ண அடைக்கற மாதிரி குறுக்கால இணைச்சா ஒரு பிட்டு. 1918லயே எக்கிள்ஸ், ஜோர்டான்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல போட்ட சர்க்யூட். அப்பா டப்பால ரெண்டு 6எஸ்என்7 இன்னும் இருக்கு, நேத்து டெஸ்டர்ல பாத்தேன், உயிரோட இருக்கு. ரெண்டு பக்கமும் சின்ன நியான் பல்பு வெச்சா எந்த பக்கம் நிக்குதுன்னு தெரியும், எனியாக்லயும் அப்படித்தான் நியான் வெச்சிருந்தாங்க.

ப்ளேட்டுக்கு 200 வோல்ட்டுக்கு மேல வரும், கைய வெக்காதீங்க, அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், தனியா செய்ய வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலைல கடைக்கு வாங்க, சேர்ந்து மாட்டலாம். சுவிட்ச் போட்டதும் ஒண்ணும் தெரியாது, உள்ள கம்பி சிவந்து வர அரை நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும், நடுவுல போட்டு போட்டு அணைக்கக் கூடாது.